லிஃப்ட் கிட் மாட்டக் கொடுத்தேன், பழைய ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்

வண்டியை ட்ரெயிலுக்கு, அதாவது ரோடு இல்லாத கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கு, தயார் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் வண்டியை விட்டு, கேட்ட பணத்தை முழுசாகக் கொடுத்து, முதல் ட்ரெயிலிலேயே பாதி பிரேக்கோடு ஒரு இறக்கத்தில் மாட்டிக்கொண்டவன் நான். அந்த இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இன்னொருவர் உங்கள் வண்டியிலும் செய்துவிடலாம்.

நான் கேட்டது 2 இன்ச் லிஃப்ட், அதாவது வண்டியின் உடம்பை அவ்வளவு உயரம் தூக்குவது. நாலு புது காயில் ஸ்பிரிங், அதற்கேற்ற நாலு ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், முன் ஆக்ஸிலுக்கு கேஸ்டர் (முன் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வுக் கோணம்) திருத்தம். அதோடு முன்னால் ஒரு வின்ச் (மோட்டாரில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சாமான்), இழுக்கிற ஹூக், ஸ்நார்க்கல் (தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்). முதலாளி நன்றாகப் பேசினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஹோஸ் மாத்தாம லிஃப்ட் பண்றவன் மெக்கானிக்கே இல்ல சார்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். விவரம் தெரிந்தவருக்குத்தான் எதை மறைத்தால் நமக்குத் தெரியாது என்பதும் தெரிகிறது.

வண்டி எடுக்கப் போன அன்று, கழற்றிய ஸ்பிரிங்கெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

தார் ரோட்டில் ஏறிய உடனேயே ஸ்டியரிங் சரியில்லை. வேகம் கூடக்கூட வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேயும், நான் பிடித்துப் பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது. வளைவில் திருப்பிவிட்டு விட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. போன் பண்ணினேன். "புது ஸ்பிரிங் செட் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, சரியாயிடும்." இது பொய். முன்னால் முழு ஆக்ஸில் உள்ள வண்டியைத் தூக்கும்போது ஆக்ஸில் லேசாக முன்பக்கம் உருண்டு கேஸ்டர் கோணம் குறைந்துவிடும், அதனால்தான் இந்த அலைச்சல். அதைத் திருத்த தனி புஷ் இருக்கிறது, சில வண்டிகளுக்கு ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்மே தனியாக வருகிறது. கிலோமீட்டர் ஓட ஓட அது தானாகச் சரியாகாது. லிஃப்ட் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பண்ணி, கேஸ்டர் அளவைத் திருத்துவதற்கு முன்பு ஒன்று, திருத்திய பிறகு ஒன்று என்று பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது அந்த ட்ரெயில். குறுக்கே ஒரு பள்ளம், வண்டி மூலைவாட்டில் இறங்கியது. இடது முன் சக்கரம் கீழே தொங்கி, மறுபடி தரையைத் தொட்டபோது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். கல் தட்டியிருக்கும் என்று நினைத்து மேலே போய்விட்டோம். அரை மணி நேரம் கழித்து ஒரு நீளமான இறக்கம். பிரேக்கை மிதித்தால் பெடல் மெதுவாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் அமைப்பு) முதல் கியரில் இருந்தேன், இன்ஜினே வண்டியைப் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெடலைத் திரும்பத் திரும்ப அடித்து, நின்ற பிறகு கூட வந்தவர்கள் ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தார்கள். கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

கூட வந்த அண்ணன் ஒருவர், பல வருஷமாக ட்ரெயில் ஓட்டுகிறவர், டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். முதலில் பிரேக் ஹோஸைக் காட்டினார். பழைய ஹோஸ்தான், பழைய நீளம்தான். சக்கரம் தொங்கியபோது கம்பி மாதிரி விறைத்து, முனையில் இரும்புப் பூண் பிடித்திருக்கும் இடத்தில் ரப்பர் பிளந்து பிரேக் ஆயில் கசிந்திருந்தது. பக்கத்தில் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் அறுந்துபோகிற நிலைமையில் இழுபட்டிருந்தது. அப்புறம் ஸ்பிரிங். கருப்பாகப் பளபளத்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார், அது தோலாக உரிந்து வந்தது. அடியில் துரு. அதற்கும் அடியில் கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்பிரிங்கில் வைத்திருக்கும் வண்ணப் பொட்டு, மஞ்சளும் வெள்ளையும், அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடித்த அலுமினிய வளையம், அதைத்தான் ஸ்பேசர் என்பார்கள். அவ்வளவுதான் என் லிஃப்ட் கிட். ஸ்கிராப்புக்குப் போனதாகச் சொன்ன ஸ்பிரிங் என் வண்டியிலேயேதான் இருந்தது.

ஸ்பேசர் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை, ஸ்பேசர் என்று சொல்லி, ஸ்பேசருக்கான பணம் வாங்கி, கூடவே மாற்ற வேண்டியதையும் மாற்றிப் போட்டால் அது ஒரு வழி. இங்கே நடந்தது வேறு. ஷாக் மட்டும் புதுசு, நீளமானது, ஏனென்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாலே அது கண்ணில் படும். ஷாக் நீளமானால் சக்கரம் முன்பைவிட அதிகமாகக் கீழே இறங்கும். அந்த நீளத்துக்குப் பழைய ஸ்பிரிங் எட்டவில்லை, அது உட்காரும் கிண்ணத்தை விட்டுக் கழன்று மறுபடி வந்து உட்கார்ந்தது, நான் கேட்ட 'டங்' அதுதான். ஹோஸும் எட்டவில்லை. ஷாக்கைப் பழையதாகவே விட்டிருந்தால்கூட ஹோஸ் தப்பித்திருக்கும்.

வண்டியை எடுக்கும் முன் அங்கேயே நின்று இதைச் செய்யச் சொல்லுங்கள்: சேஸிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரம் முழுசாகத் தொங்கட்டும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பட்டும். அப்போதும் ஹோஸ் தளர்வாக இருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

வின்ச் விவகாரம் அன்று காலையிலேயே நடந்துவிட்டது. சேற்றில் இறங்கிய இன்னொரு வண்டியை என் வின்ச்சால் இழுத்தோம். கயிறு விறைத்ததும் பம்பரிலிருந்து முறுகுகிற சத்தம், ஃபாக் லைட் மெல்ல வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. உடனே நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். குனிந்து பார்த்தால், வின்ச் உட்கார்ந்திருந்தது பம்பரின் தகட்டில். நாலு போல்ட்டில் இரண்டு மட்டும்தான் சேஸிஸ் வரை போகிறது, அந்த நாலின் தலையிலும் ஒரு எண் கூட இல்லை. பலமான மெட்ரிக் போல்ட் என்றால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். ஒன்றுமே இல்லாத போல்ட்டில் 9500 பவுண்டு வின்ச், அதாவது 4.3 டன் அளவுக்கு இழுக்கக்கூடிய சாமானை மாட்டியிருக்கிறார்கள். (அந்த அளவு டிரம்மில் முதல் அடுக்கில் கயிறு இருக்கும்போது மட்டும்தான், மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும், அதையும் யாரும் சொல்லித் தரவில்லை.) போல்ட் விட்டிருந்தால் வின்ச்சே பறந்திருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பணம் போனதெல்லாம் அப்புறம்.

இழுக்கிற ஹூக் என்று சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காட்டியதும், வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டிப்போட வைத்திருக்கும் வளையம்தான். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசையை அது தாங்காது. ட்ரெயிலர் மாட்ட வண்டிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில் கயிறு மாட்டி இழுப்பதும் அதே மாதிரி ஆபத்து, உருண்டை தெறித்து உயிர் போயிருக்கிறது. சேஸிஸில் இறங்கிய, எத்தனை டன் என்று எழுதியிருக்கும் பாயிண்ட்தான் வேண்டும்.

ஸ்நார்க்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அதன் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடினால் இன்ஜின் அணைய வேண்டும். என்னுடையது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டர் பாக்ஸில் சேரும் இடத்தில் சீல் வைக்கவே இல்லை. அதை நம்பித் தண்ணீரில் இறங்கியிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "ட்ரெயில்ல போட்டு அடிச்சா எந்த வண்டியும் இப்படித்தான் சார் ஆகும்." பில்லை எடுத்துக் காட்டினேன், அதில் 'சஸ்பென்ஷன் வேலை, முழுசு' என்று ஒரே வரி. ஸ்பிரிங் என்ற வார்த்தையே இல்லை, பார்ட் நம்பர் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது? ஒரு காசு திரும்பி வரவில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், ஒவ்வொரு பாகமும் பார்ட் நம்பரோடு தனித்தனி வரியாக பில்லில் வரட்டும். வேலை நடக்கும்போது ஒரு நாளாவது நேரில் போய் நில்லுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று வண்டியைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பழைய ஸ்பிரிங்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டால், அதை உங்கள் வண்டியிலேயே மாட்ட முடியாது.

இப்போது வேறு ஒருவரிடம் வண்டி இருக்கிறது. நாலு ஸ்பிரிங்கும் மாற்றியாயிற்று, பழைய நாலும் ஒரு சாக்கில் என் வீட்டுக்கு வந்துவிட்டது, ஹோஸ் தொங்கவிட்டுப் பார்த்தாயிற்று. வின்ச் மட்டும் இன்னும் மாட்டவில்லை. சேஸிஸில் இறங்கும் பிளேட் வரவேண்டும், அதோடு வரும் போல்ட்டின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்லப்போகிறேன்.