விலை ஒப்பீட்டுச் செயலி: மட்டக்களப்பில் ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

பத்துக் கடை விலையை ஒரே திரையில் காட்டும் செயலி கையில் இருந்தால் சல்லி மிச்சம் என்றுதான் எல்லாரும் இறக்குகிறார்கள். மிச்சம் வருவது உண்மை. ஆனால் முதலாவதாக வரும் ‘மிகக் குறைந்த விலை’ என்பது பொருளின் விலை மட்டும்தான். கல்லடிக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ வந்து சேரும்போது அது எவ்வளவாகும் என்பதைச் செயலி சொல்லாது.

1.8 லீற்றர் ரைஸ் குக்கர் ஒன்று செயலியில் 8,490 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிலிவரிக்கு 650 சேர்த்தால் 9,140. டவுன் கடையில் ஒட்டியிருக்கும் விலை 9,300 என்றால், வாய் திறந்து கேட்டாலே 9,000க்கு இறங்கும். அங்கே மூடியைத் திறந்து பார்க்கலாம், செருகி எரிகிறதா என்று பார்க்கலாம். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் குலுங்கி வரும் கண்ணாடி மூடிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆகவே செயலியைத் திறந்ததும் முதல் வேலை, அமைப்புக்குள் போய் டிலிவரி இடத்தை மாற்றுவது. பெரும்பாலும் அது கொழும்பு என்றே இருக்கும். மட்டக்களப்புக்கு 30000, காத்தான்குடிக்கு 30100, கல்முனைக்கு 32300 என்று தபால் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். அதோடு நிற்கவும் கூடாது. விற்கும் கடையின் பக்கத்துக்குப் போய், பொருளைக் கூடையில் போட்டு, முகவரியையும் கொடுத்து, காசு கட்டும் படிக்கு முந்திய மொத்தத்தைப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையை. செயலி விலைகளைச் சேமித்து வைத்துக் காட்டுவதால், திரையில் இருப்பது நேற்றைய விலையாகவும் இருக்கலாம். ‘புதுப்பித்த நேரம்’ என்ற சின்ன எழுத்து எங்காவது இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு பொறி வவுச்சர். புதிய வாடிக்கையாளருக்கான கழிவையும் குறிப்பிட்ட வங்கி அட்டைக்கான கழிவையும் முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் சில விலைகள் வருகின்றன. சாமான் வந்த பிறகு காசு கொடுப்பவருக்கு அந்த விலை கிடைக்காது. வரிசைப்படுத்தும் இடத்தில் ‘பரிந்துரை’ என்று இருந்தால் ‘குறைந்த விலை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இத்தகைய செயலிகளுக்குக் கடைகள் தரும் கொமிஷனும் வருமானம், பரிந்துரை வரிசையில் அதன் கை இருக்கலாம்.

போன் வாங்கத்தான் செயலி அதிகம் உதவுகிறது, அதிகம் ஏமாற்றுவதும் அங்கேதான். ஒரே பெயரில் 4/128, 8/256 என்று (முதல் எண் ரேம், இரண்டாவது சேமிப்பிடம், இரண்டும் ஜிபியில்) இருக்கும் மொடல்களை ஒரே வரிசையில் கலந்துவிடும். பிரிட்ஜ், டிவி என்றால் மொடல் எண்ணின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில் வித்தியாசம் இருக்கும். பெயரை நம்பாமல் முழு மொடல் எண்ணையும் அடித்துத் தேட வேண்டும். அதையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், தமிழில் தேடினால் வெறும் திரைதான் வரும்.

வரிசையில் மற்ற எல்லாரையும் விட பத்துப் பதினைந்தாயிரம் குறைவாக ஒரு போன் தெரிந்தால், வரன்டி எங்கே என்று பாருங்கள். ‘நிறுவன வரன்டி’ வேறு, ‘கடை வரன்டி’ வேறு. கடை வரன்டி என்றால் பழுதான போனை அதே கொழும்புக் கடைக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவும் நம் தலையில். அடுத்தது ஐஎம்இஐ (IMEI) எண், ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண். போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். எண்ணை வாங்குவதற்கு முன்னே விற்பவரிடம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் மலிவு எதற்கு?

விலை வரலாற்று வரைபடம் நல்ல வசதி. 11.11 (நவம்பர் 11) போன்ற ஒன்லைன் கழிவு விற்பனைகளுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் விலையை ஏற்றி, அன்றைக்கு ‘40% கழிவு’ என்று இறக்குவது அதில் அப்படியே தெரியும். 90 நாளைக்கு மேல் பின்னால் போக வேண்டாம். 2022 இல் ரூபாய் சரிந்ததும், 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானதும் அந்தக் கோட்டுக்குள் கலந்திருக்கும். 2021 விலை இனித் திரும்பாது, அதைப் பார்த்து ஏங்கியும் பலனில்லை. விலை இறங்கினால் அறிவிக்கும் விலை எச்சரிக்கை வைத்தும் சத்தம் வரவில்லை என்றால் பழி பெரும்பாலும் போனின் மேல்தான். பற்றரிச் சேமிப்பு செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. அமைப்பில் இந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும்.

பார்கோட் ஸ்கேன் பலசரக்குக்கு. 479 இல் தொடங்கும் 13 இலக்கம் இலங்கையில் பதிவு செய்த நிறுவனத்தின் குறியீடு. பொருள் இங்கேதான் செய்யப்பட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சுப்பர்மார்க்கெட்டில் நிறுத்து ஒட்டும் லேபிள் 2 இல் தொடங்கும், அது அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் எண் என்பதால் ஒப்பீடு வராது. பால்மா, சலவைத்தூள் போன்றவற்றில் பெட்டி விலையை விட்டு 100 கிராமுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 400 கிராம் 1,100 என்றால் 100 கிராம் 275. ஒரு கிலோ 2,600 என்றால் 260. பெரும்பாலான செயலிகள் இந்தக் கணக்கைப் போட்டுத் தருவதில்லை. பெட்டியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேலே யாராவது கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம்.

அரிசி, மீன், மரக்கறி, துணி இவற்றுக்குச் செயலியைத் திறக்கவே தேவையில்லை. காத்தான்குடி, சாய்ந்தமருது துணிக்கடைகளின் விலை எந்தச் செயலிக்குள்ளும் ஏறவில்லை. ஆனால் மின்சாதனக் கடையில் திரையை நீட்டி, “காக்கா (அண்ணா), ஒன்லைன்ல டிலிவரியோட இவ்வளவு வருது, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று கேட்டால் கதை மாறும். டிலிவரி சேர்ந்த மொத்தத்தைச் சொல்ல வேண்டும். வெறும் விலையைக் காட்டினால் “அப்ப அங்கேயே வாங்குங்களன்” என்ற பதில்தான் கிடைக்கும்.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஓடர் போடுமுன் கூரியர் ஊருக்குள் வருமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. டவுன் கிளைக்கு வந்து எடுக்கச் சொன்னால், அந்தப் போக்குவரத்துச் செலவையும் மொத்தத்தில் சேருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முத்திரையும் முகவரி லேபிளும் தெரியும்படி தொடக்கத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்து வந்ததைத் திருப்பிக் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.