வீட்டுக் கரண்டில் த்ரீ ஃபேஸ் மெஷின்: நாலு வருட அனுபவம்

2021 கடைசியில், மலேசியாவில் பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இழுத்து மூடிய ஒரு நாற்காலித் தொழிற்சாலையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அந்த எட்டு அங்குல சர்ஃபேஸ் பிளேனர், பலகையைச் சமமாகச் சீவும் மெஷின். தைவான் தயாரிப்பு. மேசை மொத்தமும் வார்ப்பிரும்பு. விலை 1,800 வெள்ளி (ரிங்கிட்). அதே அளவில் சிங்கிள் ஃபேஸ் மெஷின் புதிதாக வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். தவுக்கே (முதலாளி) என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுக்கா? இது த்ரீ ஃபேஸ் லா" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். உண்மையில் பாதிதான் தெரியும். வீட்டுக்கு வருவது ஒரே ஃபேஸ் கரண்ட், இந்த மோட்டாரோ தொழிற்சாலையின் மூன்று ஃபேஸ் கரண்டில் ஓடுவது.

லோரி பிறையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று இரவே, இதை வீட்டுக் கரண்டில் ஓட்ட வழி தேட ஆரம்பித்தேன். கெபாசிட்டர் போதும் என்கிறார் ஒருவர், ரோட்டரி கன்வெர்ட்டர்தான் சரி என்கிறார் இன்னொருவர், வி.எஃப்.டி. (ஒரு ஃபேஸ் கரண்டை மூன்று ஃபேஸாக்கி மோட்டார் வேகத்தையும் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) வாங்கு என்கிறார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது என் பட்டறையில் பிளேனருக்கு ஒன்று, பேண்ட்சாவுக்கு (பட்டை வாள் மெஷின்) ஒன்று என இரண்டு வி.எஃப்.டி.கள் ஓடுகின்றன. ஆனாலும் "எந்தக் கன்வெர்ட்டர் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், மோட்டாரின் விவரம் பொறித்த தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வதுதான் என் வழக்கம். அதைப் பார்க்காமல் கடைக்குப் போவது, கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கப் போவது மாதிரி.

என் பிளேனரின் தகட்டில் பச்சைப் பெயிண்ட் அப்பிக் கிடந்தது. தின்னர் தொட்டுத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: 1.5 கிலோவாட், டெல்டா 230, ஸ்டார் 400, 6.0 ஆம்பியர், 3.5 ஆம்பியர். டெல்டாவுக்கு ஒரு முக்கோணமும் ஸ்டாருக்கு ஒரு ஒய்யும்: மோட்டாரின் மூன்று காயிலை இணைக்கும் இரண்டு முறைகள் இவை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். தொழிற்சாலையில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் 400. 2008-க்கு முன்பு இது 240, 415 என்று இருந்ததால் பழைய மெஷின்களில் 415 என்றே போட்டிருக்கும், குழம்ப வேண்டாம். வீட்டில் மாட்டும் சாதாரண வி.எஃப்.டி. உள்ளே வாங்கும் 230-ஐ மூன்று ஃபேஸாக மாற்றித் தருமே தவிர, 400 ஆக ஏற்றித் தராது. அதனால் மோட்டார் டெல்டாவில் 230-க்கு ஒத்து வர வேண்டும்.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு போல்ட், அவற்றை இணைக்கும் பித்தளைத் தகடுகள். ஒரே வரிசையில் படுக்கையாக மாட்டியிருந்தால் ஸ்டார். கழற்றி, மேலும் கீழுமாக மூன்று ஜோடிகளை நெட்டாக இணைத்தால் டெல்டா. பத்து நிமிட வேலை. மாற்ற மறந்து ஸ்டாரிலேயே 230 கொடுத்தால் மோட்டார் சுற்றும், ஆனால் முறுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பலகை பிளேடைத் தொட்டதுமே முனகிக்கொண்டு நின்றுவிடும். "வி.எஃப்.டி. சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போன ஒரு நண்பரின் மெஷினில் இதுதான் கோளாறு.

முதலில் செய்தது கெபாசிட்டர் வழி, செலவு குறைவு என்பதால். 230 வோல்ட்டில் கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபாரட் என்பது பழைய கணக்கு. என் மோட்டாருக்கு நூறு சொச்சம் வந்தது. சுற்றியது. பேப்பர் கனத்துக்கு மெரந்தி மரம் சீவியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கடினமான செங்கால் மரப் பலகையை வைத்ததும் சாயம் வெளுத்துவிட்டது. இந்த வழியில் மோட்டாரின் பலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, புறப்படும் பலமோ அதைவிட மோசம். அரை மணி நேரத்தில் மோட்டார் உடம்பில் கை வைக்க முடியவில்லை.

ரோட்டரி கன்வெர்ட்டரைச் சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு மாதம் இரவல் வாங்கி ஓட்டினேன். ஒரு பெரிய மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டே மூன்றாவது ஃபேஸை உண்டாக்கித் தரும், அவ்வளவுதான் தத்துவம். முரட்டுச் சாமான், சுலபத்தில் கெடாது, ஒன்றை வைத்துப் பல மெஷின்களை ஓட்டலாம், மெஷினின் பழைய சுவிட்சையே பயன்படுத்தலாம். மரம் சீவாத நேரத்திலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உண்டாக்கிய அந்த மூன்றாவது ஃபேஸ், மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 250-ம் மரம் ஏறும்போது 210-ம் காட்டியது. தனித்துக் கிடக்கும் பட்டறை என்றால் நான் இதையே வைத்திருப்பேன். என்னுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) வந்து "என்ன பிள்ளை, வீட்டில் கப்பல் ஓடுதா?" என்று கேட்ட மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் வி.எஃப்.டி. பிளேனருக்கு 2.2 கிலோவாட் அளவில் ஒன்று, ஐந்நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. மாட்டிய முதல் நாள் வித்தியாசம் தெரிந்தது. ஐந்து விநாடியில் மெல்ல வேகம் எடுத்து, மோட்டாரின் முழுப் பலமும் கிடைத்தது. விளக்கு மங்கவில்லை.

முதல் வி.எஃப்.டி.யைக் கொன்றது நான்தான். மெஷினில் இருந்த பழைய திருகு சுவிட்சை, பழக்கம் விடவில்லை என்பதால், வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டிருந்தேன். ஓடும்போது அதைத் திருகி நிறுத்தினேன். மூன்று தடவை ஓ.சி. (ஓவர் கரண்ட்) என்று காட்டி நின்றது. நாலாவது தடவை எதுவுமே காட்டவில்லை. அந்த நடுவில் எந்த சுவிட்சும் இருக்கக் கூடாது. பழைய பச்சை, சிவப்புப் பொத்தான்களை வி.எஃப்.டி.யின் சின்ன கண்ட்ரோல் டெர்மினலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அதைவிடப் பயந்தது பேண்ட்சாவில். நிறுத்த, ஓட்ட ஒரே ஒரு சாதாரண சுவிட்ச் போட்டிருந்தேன். மதியம் இடி இடித்துக் கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமல் பிளேடு மாற்றக் கதவைத் திறந்தேன். நல்லவேளை, கையுறை தேடி உள்ளே போனேன். நான் திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்து, கதவு திறந்தபடியே சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலையே வாயர்மேன் (வயரிங் செய்பவர்) அண்ணனைக் கூப்பிட்டு, கரண்ட் வந்தாலும் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்படி மூன்று வயர் முறைக்கு மாற்றினேன். இப்போது பிளக்கைப் பிடுங்காமல் பிளேடு பக்கம் போவதில்லை.

வயரிங் பற்றியும் சொல்ல வேண்டும். 2.2 கிலோவாட் வி.எஃப்.டி. முழுச் சுமையில் 23 ஆம்பியர் வரை இழுக்கும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. 13 ஆம்பியர் பிளக்கில் செருகும் சாமான் அல்ல. நான் முதலில் சமையலறை லைனில் இழுத்துவிட்டேன். பிளேனரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. (கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், மொத்த வீடும் இருட்டு, அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் போகும். மோட்டாரில் கசிவு என்று பயந்தேன். வாயர்மேன் அண்ணன் சிரித்தார். "கசிவு இல்ல தம்பி. வி.எஃப்.டி. உள்ள ஃபில்டர் இருக்குல்ல, அது கொஞ்சம் கரண்ட எர்த்துக்கு அனுப்பும். உங்க பழைய ஆர்.சி.சி.பி.க்கு அது ஒத்துக்காது." டைப் ஏ ரகத்தில் தனி ஆர்.சி.சி.பி., 32 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 6 ஸ்கொயர் எம்.எம். வயர், நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் என்று தனி லைன் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. இந்த வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். கரண்டை நிறுத்திய பிறகும் வி.எஃப்.டி. கெபாசிட்டரில் உயிர் இருக்கும், மூடியைத் திறக்கப் பத்து நிமிடமாவது பொறுங்கள்.

பேண்ட்சா வேறு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. 2.2 கிலோவாட், தகட்டில் 415 மட்டும். பெட்டியைத் திறந்தால் ஆறுக்குப் பதில் மூன்றே வயர். ஸ்டாரில் கட்டி, முடிச்சைக் காயிலுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். மோட்டாரை மட்டும் கழற்றி, பட்டர்வொர்த்தில் காயில் கட்டும் ஒரு அப்பெக்கிடம் (சீனப் பெரியவர்) கொண்டுபோனேன். "போலே, போலே" (முடியும், முடியும்) என்றவர், வார்னிஷ் ஏறி இறுகியிருந்த கட்டு நூலைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக அறுத்து, காயில் முனையில் விரலால் தடவித் தடவி, குண்டுமணி அளவு முடிச்சைத் தூக்கிக் காட்டினார். அதை வெட்டி, மூன்று முனைகளுக்கும் புது வயர் பற்றவைத்து, வெளியே இழுத்து, மறுபடி நூல் கட்டி வார்னிஷ் ஊற்றினார். இப்போது ஆறு வயர், டெல்டாவில் கட்டலாம். 150 வெள்ளி. புது மோட்டார் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது மெஷினில் தோற்றேன். ஆசைப்பட்டு வாங்கிய திக்னெஸர் (பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் மெஷின்), 4 கிலோவாட், தகட்டில் டெல்டா 400, ஸ்டார் 690. டெல்டாவிலேயே 400 கேட்கும் மோட்டாருக்கு என் 230 எதற்கு ஆகும்? வோல்ட்டை ஏற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் உண்டு, விலையும் உண்டு. மோட்டாரை மாற்றினாலும், 4 கிலோவாட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் பக்கம் 40 ஆம்பியர் வரை போகும். வீட்டுக்கு வருவதோ மொத்தமே 60 சொச்சம் ஆம்பியர். மேலே யாராவது வாட்டர் ஹீட்டரைத் தட்டினால் அது ஒரு 16, ஏர்கோன் தனி. சிம்பாங் அம்பாட் நண்பரிடமே வாங்கிய விலைக்குக் கொடுத்துவிட்டேன். அகலப் பலகை என்றால் அவர் பட்டறைக்குப் போய்ச் சீவிக்கொள்கிறேன்.

வீட்டுக்கே த்ரீ ஃபேஸ் இழுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டேன். பதிவு பெற்ற குத்தகையாளர் மூலம் மின்சார நிறுவனமான டி.என்.பி.க்கு விண்ணப்பம், மீட்டர், டி.பி. பெட்டி (கரண்டைப் பிரித்துத் தரும் பெட்டி), உள் வயரிங் என்று கொட்டேஷன் என் மெஷின்களின் மொத்த விலையைத் தாண்டியது. வீட்டைப் புதுப்பிக்கும்போதே செய்தால் நியாயமான செலவு. அதற்கும் முன்னால் மீட்டர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். புதிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பல வீடுகளுக்கு த்ரீ ஃபேஸ் ஏற்கெனவே வந்திருக்கிறது. தெரியாமலே வி.எஃப்.டி. வாங்கியவரை எனக்குத் தெரியும்.

வி.எஃப்.டி.யின் செட்டிங்கில் அதிகம் தொட வேண்டியதில்லை. மோட்டார் ஆம்பியரைத் தகட்டில் உள்ளபடி கொடுங்கள், அப்போதுதான் அளவு மீறினால் அது காப்பாற்றும். ஃப்ரீக்வென்ஸி 50-தானா என்று பாருங்கள், சில மாடல்கள் ஸ்பிண்டில் மோட்டாருக்காக 400 ஹெர்ட்ஸ் வைத்து வருகின்றன. பேண்ட்சாவின் கனத்த சக்கரத்தைச் சட்டென்று நிறுத்தப் பார்த்தால் ஓவர் வோல்ட் காட்டி விழும், நான் பன்னிரண்டு விநாடி வைத்திருக்கிறேன். ஷீல்ட் இல்லாத கேபிள் போட்ட காலத்தில் பட்டறை ரேடியோவில் மின்னல் எஃப்.எம். கரகரத்துக்கொண்டே இருந்தது. ஷீல்ட் கேபிள் மாற்றி எர்த் செய்ததும் தெளிவாகிவிட்டது.

நம் ஊரில் வி.எஃப்.டி.க்கு எமன் மரத்தூளும் பல்லியும். இரண்டாவது வருடம், பேண்ட்சா வி.எஃப்.டி.யின் சூட்டுக்கு உள்ளே போய்ப் படுத்த பல்லி ஒன்று கருகி, கூடவே போர்டையும் கொண்டுபோனது. அதன்பிறகு இரண்டையும் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் அறையில், கொசுவலை ஒட்டிய இரும்புப் பெட்டிக்குள் மாட்டிவிட்டேன். போன மாதம் பிளேனர் பெட்டியின் ஃபேன் கீச்சிட ஆரம்பித்தது. 18 வெள்ளி ஃபேன் ஆர்டர் போட்டிருக்கிறேன். அது வரும் வரை பெட்டிக் கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறேன், நிறுத்தியதும் முதல் வேலையாகப் பல்லி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து மூடிவிடுகிறேன்.