மொட்டை மாடியிலிருந்து கயிறு: மேலிருந்து இறக்குவதா, தானே இறங்குவதா?

ஜன்னலில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஏணி எட்டவில்லை, படிக்கட்டு முழுக்கப் புகை. இப்போது மாடியிலிருந்து கயிறுதான் வழி.

மேலே இருப்பவர்கள் தீயணைப்பு வீரரை இறக்கினால், அவருக்கு இரண்டு கையும் காலி. ஜன்னல் சட்டத்தில் தொற்றிக்கொண்டு நடுங்குகிறவரைச் சட்டென்று அணைத்துப் பிடிக்கலாம், இது சின்ன விஷயமில்லை. ஆனால் மேலே பிரேக் (கயிறு ஓடும் வேகத்தை உராய்வால் கட்டுப்படுத்தும் கருவி) பிடிப்பவருக்குச் சுவருக்குக் கீழே எதுவும் தெரியாது. விளிம்பில் ஒருவர் படுத்து எட்டிப் பார்த்து "நிறுத்து", "இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், புகையிலும் சத்தத்திலும் அது காதில் விழாமல் போனால் ஆபத்துதான்.

தானே இறங்கினால் எங்கே நிற்பது என்பது வீரர் கையில். சரி, ஆனால் பிரேக்கைப் பூட்டும்வரை ஒரு கை அதிலேயே இருக்கும். அப்புறம் மீட்கப்பட்டவரின் எடையும் அதே கருவியில் ஏறும்போது, ஒரு ஆளுக்குப் போதுமான உராய்வு இரண்டு பேருக்குப் போதாது.

தீ நெருங்கிவிட்டது, மேலே பழகிய குழு இருக்கிறது என்றால் நான் இறக்குவதையே சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும் கைப்பிடிச் சுவரின் விளிம்பைக் கவனியுங்கள். 1980 ஜூனில் நியூயார்க்கின் ஹார்லெமில், ஜன்னலில் சிக்கிய சக வீரரைக் காப்பாற்ற ஒரு தீயணைப்பு வீரரை மாடியிலிருந்து இறக்கியபோது கயிறு அறுந்து இருவருமே இறந்தார்கள். உருளையோ தடித்த கேன்வாஸ் துணியோ விளிம்பில் போடாமல் யாரையும் கயிற்றில் ஏற்றாதீர்கள்.