பின் சக்கரம் சுற்றாத ஆல் வீல் டிரைவ்: ஒன்டாரியோவில் பழைய கார் தேடுகிறவர்களுக்கு

இந்த வாரம் மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் சிவப்புக் கோடு போட்ட சாம்பல் நிறக் கடைச் சுவர். முன்னால் ஒரு வெள்ளை எஸ்யூவி. "ஆல் வீல் டிரைவ், குளிர்காலத்துக்கு ரெடி, குடும்ப வண்டி" என்று கீழே எழுதியிருந்தது. ஆல் வீல் டிரைவ் என்றால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி. 2022இல் நான் வாங்கிய வண்டியின் விளம்பரப் படத்திலும் இதே சுவர், இதே சிவப்புக் கோடு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்னோ விழுவதற்குள் வண்டி வாங்கிவிட வேண்டும் என்று அவசரத்தில் இருப்பவர்கள், முக்கியமாக கனடா வந்து ஒன்றிரண்டு வருடமே ஆனவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் இருப்பது டொராண்டோவுக்கு வடக்கே பாரி நகரத்தில். வேலை ஒரிலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில். நெடுஞ்சாலை 11 வழியாக அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கோடையில் சொகுசான பாதை. குளிர்காலத்தில் ஜார்ஜியன் விரிகுடாவின் உறையாத தண்ணீர் மேல் குளிர்காற்று கடந்து வரும்போது, அந்த ஈரத்தை எல்லாம் வாரிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் கொட்டும். ஒரு ஊரில் வெயில் அடிக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி எதிரே போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. காலை ஆறரைக்கு ஷிஃப்ட். ஸ்னோ என்று சொல்லி வீட்டில் உட்கார முடியாது, அங்கே படுக்கையை விட்டுத் தானாக எழ முடியாதவர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். அதனால் 2022 அக்டோபரில் எப்படியாவது ஒரு ஆல் வீல் டிரைவ் வாங்கிவிடத் துடித்தேன். அந்த வருடம் பழைய கார்களின் விலை எப்படி ஏறிக் கிடந்தது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

விளம்பரத்தில் இருந்தது 2010 மாடல், ஜப்பான் கம்பெனி வண்டி, 1,84,000 கிலோமீட்டர், 8,900 டாலர். போன் செய்து, "வண்டி விஷயமா கூப்பிட்டேன்" என்றேன். "எந்த வண்டிங்க?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியிலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். சொந்த வண்டியை விற்கிறவரிடம் இருப்பது ஒரே வண்டிதானே? ஆனால் என் பேச்சைக் கேட்டு அவர் தமிழுக்கு மாறிவிட்டார். நம் ஊர்ப் பேச்சு. அந்த நிமிடமே என் எச்சரிக்கை எல்லாம் இளகிப்போனது.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் வரச் சொன்னார். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. "வீட்ல பார்க்கிங் கஷ்டம்க்கா" என்றார். போய்ச் சேர்ந்தபோது வண்டி முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக இருந்தது. உள்ளே நல்ல வாசனை, இருக்கைகள் துடைத்து மினுமினுவென்று இருந்தன. கீழே குனிந்து பார்த்தேன், அடிப்பாகம் முழுக்கக் கறுப்பாக, புதிதாகப் பூசியது போல் இருந்தது. "ரஸ்ட் ப்ரூஃப் பண்ணி வச்சிருக்கேன்க்கா, உப்பு ஒண்ணும் பண்ணாது. ஸ்னோ எவ்வளவு கொட்டினாலும் இழுத்துட்டுப் போயிடும். என் வைஃப் தினமும் ஓட்டின வண்டி." ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார், காட்டிவிட்டு வரலாமா என்று கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. "தாராளமா காட்டுங்க. ஆனா நாலு மணிக்கு இன்னொருத்தர் பணத்தோட வர்றார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். அப்போது மணி மூன்றேகால். சோதனைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு 150 டாலர்.

8,700க்கு முடித்தோம். பணம் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். ஒரு கவரில் காகிதங்கள்: ஓனர்ஷிப் என்கிற பதிவுச் சீட்டு, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சோதித்துக் கொடுக்கும் சேஃப்டி சான்றிதழ், தனியார் விற்பனையில் விற்பவர் சட்டப்படி கொடுக்க வேண்டிய பழைய வாகனத் தகவல் தொகுப்பு. அந்தத் தொகுப்பை மாகாண அரசின் சேவை மையமான சர்வீஸ் ஒன்டாரியோவில் 20 டாலருக்கு யாரும் வாங்கலாம். வண்டி இதுவரை யார் யார் பெயரில் இருந்தது, மேலே கடன் இருக்கிறதா, மொத்த வியாபாரத்தில் (ஹோல்சேல்) அதன் மதிப்பு என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்தது கடன் இல்லை என்ற ஒரு வரியை மட்டும். விற்பனைச் சீட்டில் விற்பவர் கையெழுத்து ஏற்கெனவே நீல மையில் போட்டிருந்தது. தேதி காலியாக இருந்தது. அவர் ஒரு கறுப்புப் பேனாவைக் கொடுத்து, "தேதி நீங்களே போட்டுக்கங்க, விலையை 5,000ன்னு போடுங்க, உங்களுக்கு டாக்ஸ் மிச்சம்" என்றார். போட்டேன். என் தவறுதான், மறைக்கவில்லை. அதில் மிச்சமும் ஒன்றும் இல்லை. எழுதிய விலை, தொகுப்பில் உள்ள மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் 13 சதவீதம் வரி. ஆனால் நான் 8,700 கொடுத்ததற்கு இன்றுவரை என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நவம்பர் மூன்றாம் வாரம் முதல் பெரிய ஸ்னோ. எங்கள் தெரு லேசான ஏற்றம். அதிகாலை ஐந்தரைக்கு வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்துத் தெருவில் திருப்பி ஏற்றினேன். நாலடி போயிருக்கும், நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம் மட்டும்தான் ஏறியது. இறங்கிப் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் ஸ்னோவைத் தோண்டி, தார் ரோடு கறுப்பாகத் தெரியும் அளவுக்குக் குழி பறித்திருந்தன. பின் சக்கரங்களைச் சுற்றி ஸ்னோ கலையவே இல்லை. டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பொடிகூட உதிராமல் அப்படியே இருந்தது. அந்தச் சக்கரங்கள் ஒரு அங்குலம்கூடச் சுற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை வண்டியை ஸ்கார்பரோவில் அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இதே தொழில். லிஃப்ட்டில் ஏற்றி, விளக்கைப் பிடித்தபடி ஒரு சுற்று நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இஞ்ச வந்து பாருங்கோ. இதில கிடக்க வேண்டிய சாமான் ஒண்டு இல்லை. பின் சில்லுக்குப் போற ஷாஃப்டைக் கழட்டிப்போட்டாங்கள்."

வண்டியின் நடுவில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓட வேண்டும். என் வண்டியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நாலு போல்ட் ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. இந்த வகை வண்டி சாதாரணமாக முன் சக்கரத்தில்தான் ஓடும். முன் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறி, கிளட்ச் பிடித்து, பின் சக்கரத்துக்கும் சக்தி போகும். இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை என்பதால், தண்டைக் கழற்றினாலும் எந்த விளக்கும் எரியாது. டிஃபரன்ஷியல் பழுதாகிவிட்டால் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்கும். தண்டைக் கழற்றிவிட்டால் முனகல் நின்றுவிடும். நான் ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பழுதானதற்கும் அவர் ஒரு காரணம் காட்டினார். டயர் நாலும் ஒரே மாதிரி இல்லை. முன்னால் இரண்டு புதுசு, தடம் 7 மில்லிமீட்டர். பின்னால் இரண்டு வேறு கம்பெனி, 4 மில்லிமீட்டர். பின் டயரின் பக்கவாட்டில் முத்திரையின் கடைசி நாலு எண் 3514. 2014ஆம் ஆண்டின் 35வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் நேர் ரோட்டில் போகும்போதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்னோவில் மட்டும் கொஞ்ச நேரம் வேலை செய்ய வேண்டிய கிளட்ச், கோடையிலும் உரசிக்கொண்டே கிடந்து சூடாகித் தேயும். முன்பு இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் இப்படி இரண்டு இரண்டாக டயர் மாற்றியிருக்க வேண்டும் என்றார்.

அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தக் கறுப்புப் பூச்சைக் குத்தினார். மேலே ரப்பர் மாதிரி ஒரு தோல் உரிந்தது. அதற்குப் பின்னால் இரும்பு, வாழைப்பட்டை உரிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. பின் சஸ்பென்ஷன் தாங்கும் சட்டம் அது. ஒழுங்காகத் துருத் தடுப்பு செய்கிறவர்கள் வருடா வருடம் எண்ணெய் தெளிப்பார்கள், அது சொட்டும், கையில் பிசுபிசுக்கும், ஆனால் இரும்பை மறைக்காது. விற்கிற வாரத்தில் கெட்டியாகக் கறுப்புப் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியலும் தண்டும் பழைய உதிரிபாகமாகப் போட்டாலே 2,600 டாலர் ஆகும், இந்தத் துருவில் அதைப் போடுவது வீண் என்று அவரே சொல்லிவிட்டார்.

விற்றவரின் எண்ணுக்கு அழைத்தேன். முதல் நாள் மணி அடித்தது, மறுநாள் முதல் எண்ணே இல்லை. அப்போதுதான் அந்தக் கவரை முழுதாகப் பிரித்துப் படித்தேன். ஓனர் பட்டியலில் அவர் பெயரும் இல்லை, அவர் மனைவி என்று எடுத்துக்கொள்ளக்கூடிய பெயரும் இல்லை. ஓனர்ஷிப்பில் இருந்த முகவரிக்கு நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கதவைத் திறந்தவர் எண்பது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவர் சொன்னது இது: டிஃபரன்ஷியல் போய்விட்டது, செலவு கட்டாது என்று கராஜில் தண்டைக் கழற்றிவிட்டார்கள். செப்டம்பரில் 2,300 டாலருக்கு ஒருவருக்கு விற்றேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன், கழற்றிய தண்டைக்கூட டிக்கியில் வைத்துக் கொடுத்தேன்.

அந்தத் தண்டு என்னிடம் வந்து சேரவே இல்லை. யாரோ அதை டிக்கியிலிருந்து எடுத்து ஒளித்துவிட்டு, மேலே 6,400 டாலர் வைத்து, "அக்கா" என்று கூப்பிட்டு என்னிடம் விற்றிருக்கிறார்கள். உள்ளே குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒரு பெண் இதை நெடுஞ்சாலையில் ஓட்டப்போகிறாள் என்று தெரிந்தே செய்தார். என் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

உரிமம் இல்லாமல், சொந்த வண்டி போல நடித்து, வண்டி வண்டியாக வாங்கி விற்பவர்களுக்கு இங்கே கர்ப்சைடர் என்று பெயர். ஒன்டாரியோவில் கார் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான ஓம்விக்கிடம் புகார் கொடுத்தேன். விளம்பரப் படம், எண் எல்லாம் கொடுத்தேன், பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் அவர்களுடைய நஷ்டஈட்டு நிதி, பதிவு பெற்ற டீலரிடம் வாங்கியவர்களுக்குத்தான். சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம் என்றால் யார் மீது போடுவது? பெயர் தெரியாது, முகவரி தெரியாது.

அந்தக் குளிர்காலத்தை அதே வண்டியில் நாலு வின்டர் டயர் போட்டு, முன் சக்கரத்தில் மட்டும் ஓட்டிக் கடந்தேன். உண்மையைச் சொன்னால், நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது. ஆல் வீல் டிரைவ் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான் உதவும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் காப்பது டயர். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகிவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ போட்ட சின்னம் டயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல் வீல் இருக்கிறதே, டயர் எதற்கு என்று நானும் முதலில் நினைத்தவள்தான்.

வசந்தத்தில் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டேன். இப்போது வைத்திருப்பது ஓம்விக் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ஒரு டீலரிடம் வாங்கியது. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. வாங்கிய பிறகு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் ஒன்டாரியோவில் கிடையாது. டாக்ஸியாக ஓடியது, பெரிய விபத்தில் அடிபட்டுப் பதிவில் முத்திரை விழுந்தது போன்ற சிலவற்றை டீலர் சொல்லாமல் விட்டால்தான் 90 நாளுக்குள் ரத்து செய்யலாம். வாய்வார்த்தையை மட்டும் நம்ப முடியாது, "ஆல் வீல் டிரைவ் வேலை செய்கிறது" என்பதைக்கூட ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். எழுதத் தயங்கிய ஒரு டீலரிடமிருந்து எழுந்து வந்துவிட்டேன். சேஃப்டி சான்றிதழையும் நம்பி இருக்காதீர்கள். அது 36 நாள்தான் செல்லும், வண்டி நன்றாக ஓடும் என்பதற்கான உத்தரவாதமும் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன்பு வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கீழே நின்று நீங்களே பாருங்கள். நடுவில் தண்டு இருக்கிறதா, இரும்பு இரும்பாக இருக்கிறதா. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், முனகலோ இழுப்போ தெரிந்தால் வேண்டாம். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போதும் இதற்கெல்லாம். அந்த நேரத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், அவர் எந்த மொழி பேசினாலும் சரி.

அந்த வெள்ளை எஸ்யூவி விளம்பரம் இன்று காலையும் இருக்கிறது. ஓம்விக்குக்கு அனுப்பிவிட்டேன். ஸ்கார்பரோவில் சிவப்புக் கோட்டுச் சுவர் முன்னால் நிற்கும் அந்த வண்டியைப் பார்க்க யாராவது கிளம்பிக்கொண்டிருந்தால், முதலில் போன் செய்து "வண்டி விஷயமா கூப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வண்டி என்று கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.