ஸ்லீப்பர் கட்டை அறுக்க அம்பைப் பட்டறை: போகலாமா?

வேலை சுத்தம், கூலி நியாயம், தேதியை மட்டும் நம்பாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் அறுக்கக் கொடுத்தது தோட்ட ரயிலுக்கான, அதாவது வீட்டுத் தோட்டத்தில் ஓடவிடும் மாடல் ரயிலுக்கான ஸ்லீப்பர் கட்டை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவது. ரெடிமேடாக வாங்கினால் பிளாஸ்டிக் கட்டையோடு சேர்ந்தே வந்துவிடும், ஆனால் எனக்குத் தண்டவாளத்தைத் தனியாக வாங்கி மரக்கட்டையில் ஒவ்வொரு ஆணியாக அடித்துப் போடுவதில்தான் ருசி. தோட்ட ரயிலில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 45 மி.மீ., அதற்கு நம்ம பழைய மீட்டர் கேஜ் (நடுவே 1000 மி.மீ.) கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 44.4 வருகிறது. 2012-இல் அகலப்பாதை வரும் வரைக்கும் நெல்லை – தென்காசி லைன் மீட்டர் கேஜ்தானே, அதனால் அந்த அளவையே எடுத்துக்கொண்டேன். நிஜக் கட்டை 1800 மி.மீ. நீளம், 200 அகலம், 115 கனம். சுருக்கினால் 80 × 9 × 5 மி.மீ. வருகிறது.

இதைச் சொல்லி டவுனில் ஒரு மரக்கடையில் கேட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்பாசமுத்திரத்துப் பட்டறை அண்ணாச்சி, "இதை வச்சு என்ன தம்பி செய்யப் போறிய?" என்று கேட்டார், சொன்னேன், சிரித்தார், சரி என்றார். அப்புறம் மில்லிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில் பென்சிலால் எழுதினார்: நீளம் மூணு அங்குலம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அகலம் மூணு நூல், கனம் ஒன்றரை நூல். வீட்டில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் 79.4, 9.5, 4.8. ஓடும் ரயிலில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மரம், கதவு நிலை செய்து மிச்சம் விழுந்த தேக்குத் துண்டுகள். எடைக்குத்தான் போட்டார். பழைய வீடு இடித்த பர்மா தேக்கு கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: கொண்டுபோகலாம், ஆனால் உள்ளே ஒரே ஒரு ஆணி இருந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும், அதனால் நீங்களே ஆணி பிடுங்கி, காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தால்தான் வாங்குவார்.

அறுத்த முறை எனக்குப் பிடித்தது. முதலில் துண்டை இழைப்பு மிஷினில் மூணு நூலுக்கு இறக்கினார், பிறகு அதிலிருந்து ஒன்றரை நூல் கனத்துக்கு ரீப்பர் ரீப்பராகக் கிழித்தார், கடைசியில் ரீப்பர்களைக் கத்தையாகச் சேர்த்து, ஒரு தடுப்புக் கட்டையில் முட்டவைத்து நீளத்துக்கு வெட்டினார். நார் கட்டையின் நீளவாக்கிலேயே ஓடுகிறது, நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கிறது. ஒரு சங்கடம், ரம்பத்தின் தடிப்பு 3 மி.மீ. கட்டைக்கு 5 போனால் தூளுக்கு 3 போகிறது. நல்ல தேக்கு தூளாய்ப் போவதைப் பார்க்க வயிறு எரியும். மெல்லிய பேண்ட் ரம்பம் இருக்கிற இடம் கிடைத்தால் தூளாய்ப் போவதில் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

குறைகளும் உண்டு. ரீப்பரின் கடைசி முனையில் தள்ளும் கை தளர்கிற இடத்தில் கனம் அரை மி.மீ. வரை குறைந்திருக்கிறது. அப்படி ஒரு கட்டை நடுவில் வந்தால் தண்டவாளம் அதன்மேல் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும், ஆணி பிடித்தும் பிரயோசனம் இல்லை. வெள்ளை (மரத்தின் வெளிறிய வெளிப்பகுதி) விழுந்த கட்டைகளும் கலந்திருந்தன. தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கரையான் லேசில் தொடாது, வெள்ளையை விடாது, எனவே வெயிலில் பரப்பிப் போட்டு வெள்ளையைப் பொறுக்கிக் கழித்துவிடுங்கள். தேதி விஷயம் கேட்கவே வேண்டாம். நிலை வைக்க நாள் குறித்துவிட்டு ஒருவர் வந்து நின்றால் உங்கள் குட்டிக் கட்டை மூலைக்குப் போய்விடும். அதற்காக அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, முகூர்த்தம் காத்திருக்காது.

அங்கே எண்ணெய் பூசித் தர மாட்டார்கள். நான் முந்திரிக்கொட்டை எண்ணெயில் முக்கி எடுத்தேன், வள்ளத்துக்குப் பூசுவார்களே, அதேதான். கறுப்பேறி அசல் ரயில்வே கட்டை நிறம் வந்துவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் பொத்துவிடும். துளை போடாமல் தேக்கில் ஆணி இறக்கினால் பிளக்கும், அதனால் எண்ணெயில் முக்குவதற்கு முன்பே ஆணித் துளையைப் போட்டுவிடுங்கள், துளைக்குள்ளும் எண்ணெய் இறங்கும். கீழே போட கிரஷர் தூளைச் சலித்து 2, 3 மி.மீ. பரலாக எடுத்தால் நிஜ ஜல்லியின் அளவு சரியாக வரும்.

30 மி.மீ.க்கு ஒரு கட்டை வைத்தால் மீட்டருக்கு 33 ஆகும், கழிப்பதற்கும் சேர்த்து 40 என்று சொல்லிவிடுங்கள். பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) போடுகிறவர்கள் கொஞ்சம் ரீப்பரை நீளத்துக்கு வெட்டாமல் முழுசாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே ஒவ்வொரு கட்டையும் ஒரு நீளம்.