ஆறு வருடமாக ஒரு ஆல்பா புரோப்: எல்லா வம்பும் முகப்பு ஃபிலிமில்தான்

போன வாரம் என் ஆல்பா புரோபுக்கு, அதாவது கதிரியக்கப் பொருள் விடும் ஆல்பா துகள்களை எண்ணும் கருவிக்கு, மூன்றாவது தடவையாக முகப்பு ஃபிலிம் மாற்றினேன். கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் அப்போதுதான் கேட்டார், "எங்க லேபுக்கு இதே மாடல் வாங்கலாமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆல்பா பட்டால் மினுங்கும் ஜிங்க் சல்ஃபைடு பூச்சு, பின்னால் அந்த மினுக்கை மின்துடிப்பாக்கும் போட்டோமல்டிப்ளையர், முன்னால் வெளி வெளிச்சத்தைத் தடுக்க அலுமினியம் பூசிய மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம். அமைப்பு தெரிந்ததுதான். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலை உலர்த்தித் தட்டில் பரப்பி எண்ணுவது என் வேலை. அந்த மணலின் மோனசைட் தாதுவில் இருக்கும் கதிரியக்கத் தோரியத்துக்கு இந்தக் கருவி அருமையாக வேலை செய்கிறது. காமா கதிரைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாது. காலித் தட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு எண்ணிக்கைதான் வரும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மதியம், அதே காலித் தட்டு நாற்பதைத் தாண்டியது. மேசையில் மணல் தூசு ஒட்டியிருக்கும் என்று பயந்து மூன்று முறை துடைத்தேன். குறையவில்லை. சாயங்காலம் தானாக இறங்கியது, மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி ஏறியது. ஜன்னல் வெயில் மேசைக்கு வரும் நேரம் அது! அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன டார்ச்சை ஃபிலிமுக்கு மேலே மெல்ல நகர்த்தினேன். இடது மூலைக்கு வந்ததும் கவுண்டர் படபடவென்று அடித்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊசித்துளை.

விற்றவர்களைக் கேட்டால், கையாளும்போது நீங்கள்தான் கிழித்திருப்பீர்கள் என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர்களே அனுப்பிய புது ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்தால் துளைகள் மினுங்குகின்றன. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிடும்போது பரப்பில் ஒரு தூசி இருந்தால் போதும், அதன் அடியில் பூச்சு விழாது. தூசி உதிர்ந்த இடத்தில் துளை நிற்கும்.

தடிமனான ஃபிலிம் போட்டால் வெளிச்சம் நிற்கும், ஆனால் ஆல்பாவும் நின்றுவிடும். கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் அமெரிசியம்-241 விடும் ஆல்பா 5.49 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்பினாலும் காற்றில் நாலு சென்டிமீட்டர்தான் போகும். 6 மைக்ரான் மைலாரைத் தாண்டவே அரை மில்லியனுக்கு மேல் இழக்கிறது. சாய்வாக வருவது இன்னும் அதிகம் இழக்கும்.

இந்த முறை 3 மைக்ரான் ஃபிலிம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். மொத்தக் கனம் அதேதான், ஆனால் ஒன்றின் துளைக்கு நேராக இன்னொன்றின் துளை வருவது அபூர்வம். கையுறையில் ஒட்டிக்கொண்டு, சுருங்கி, நாலு துண்டு வீணானது. ஐந்தாவதை இழுத்து ஒட்டி முடிக்கும்போது ராத்திரி பத்து மணி. முன்பு நிமிடத்துக்கு 2,140 காட்டிய அமெரிசியத் தட்டு இப்போது 2,110 காட்டியது. வழக்கமான ஏற்ற இறக்கம்தான் அது. மறுநாள் மூன்று மணி வெயிலில் காலித் தட்டு எவ்வளவு தெரியுமா? இரண்டு! அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு விலை வாங்குபவர்கள் இந்த இரட்டை ஃபிலிமைத் தாங்களே போட்டுத் தந்திருக்க வேண்டும். மாணவர்கள் கைக்குப் போகும் கருவி இது. துளை வழியாக வரும் வெயிலைத் தோரியம் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்புறம் அவர், "அப்போ உங்களோடதைக் கொடுத்துடுங்களேன்" என்றார். அதைத் தர மாட்டேன்.