நெமாஸ்லக்: ஸ்லக் தொல்லைக்கு ஒரு பொட்டலம் உயிர்ப்புழு

பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தாலே இந்தக் கவலைதான். மாலையில் நட்ட கீரை நாற்று காலையில் வெறும் தண்டாக நிற்கும். பக்கத்தில் சளி காய்ந்து வெள்ளிக் கோடு போட்டிருக்கும். ஸ்லக் எனப்படும் ஓடில்லா நத்தையின் வேலை அது. முன்பெல்லாம் நீலக் குருணையை அள்ளித் தூவிவிடுவார்கள். அதில் இருந்த மெட்டல்டிஹைடு நாய், முள்ளெலி, பறவை எல்லாவற்றுக்கும் நஞ்சு என்பதால், 2022 மார்ச் 31-க்குப் பிறகு அதை வெளியில் பயன்படுத்தத் தடை. தோட்டக் கொட்டிலில் பழைய டப்பா இருந்தால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். உங்கள் கவுன்சிலின் கழிவு நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

குருணைக்கு மாற்றாகக் கிடைக்கும் நெமாஸ்லக் என்ற உயிர்ப்புழுப் பொட்டலம் 1994 முதல் விற்பனையில் இருக்கிறது. பொட்டலத்துக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள். முதலில் இருந்தது ஃபாஸ்மராப்டைடிஸ் ஹெர்மாஃப்ரொடைட்டா, இப்போதைய நெமாஸ்லக் 2.0-இல் இருப்பது அதன் நெருங்கிய உறவான ஃபாஸ்மராப்டைடிஸ் கலிஃபோர்னிக்கா. இரண்டும் இந்த நாட்டு மண்ணிலேயே இயற்கையாகக் காணப்படும் இனங்கள்தான். ஈர மண்ணில் நீந்திப் போய் ஸ்லக்கின் முதுகு மடிப்பு வழியாக உடலுக்குள் நுழையும். கூடவே பாக்டீரியாவையும் கொண்டுசெல்லும். சில நாளில் ஸ்லக்கின் முதுகு வீங்கும், தீனி எடுப்பது நிற்கும், மண்ணுக்குள் புகுந்து அங்கேயே சாகும். ஊற்றிய மறுவாரம் செத்த ஸ்லக்கைத் தேடி ஏமாறுபவர்கள் பலர். பிணம் மேலே கிடக்காது. புது இலையில் ஓட்டை விழுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மண்புழு, தேனீ, தேரை, முள்ளெலி, பூனை, குழந்தைகள் யாருக்கும் இதனால் தீங்கில்லை. கீரையை ஊற்றிய அன்றேகூடக் கழுவிச் சமைக்கலாம்.

‘வாங்கி ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற புகார் இதைப் பற்றி நிறைய உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றே: உயிருள்ள பொருளை உரத்தூள் போலக் கையாள்வது.

பொட்டலம் வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையவைக்கும் தட்டில் வைக்கக் கூடாது. காலாவதித் தேதி சில வாரங்கள்தான் தள்ளியிருக்கும் என்பதால், மண் தயாரான பிறகே ஆர்டர் கொடுப்பது புத்திசாலித்தனம். தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய், அது வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் காசு போச்சு. மண்ணின் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் நிலையாக இருக்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தில் மார்ச் கடைசி, ஸ்காட்லாந்தில் இன்னும் தாமதம். ஒரு மலிவான மண் வெப்பமானியைப் பாத்தியில் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சிறிய பொட்டலத்தில் 1 கோடியே 20 லட்சம் புழுக்கள். 40 சதுர மீட்டருக்குப் போதும். அதாவது சதுர மீட்டருக்கு 3 லட்சம். தோட்டம் சிறியது என்று பாதியைப் பிரித்து வைக்காதீர்கள். தூளுக்குள் புழுக்கள் சீராகப் பரவியிருக்காது, ஒரு பாதியில் நிறையவும் மறு பாதியில் கொஞ்சமுமாகப் போய்விடும். அண்டை வீட்டாரோடு பங்கு போட விரும்பினால் தண்ணீரில் கரைத்த பிறகு பிரித்துக்கொண்டு அன்றே ஊற்றிவிட வேண்டும்.

கணக்கு இப்படிப் போட்டால் எளிது. வாளியில் 4 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் எடுத்து முழுப் பொட்டலத்தையும் கட்டியில்லாமல் கரையுங்கள். அதில் 1 லிட்டரை 10 லிட்டர் பூவாளியில் விட்டு, மேலே தண்ணீர் நிரப்பினால் 10 சதுர மீட்டருக்கு ஆயிற்று. ஒவ்வொரு முறை மொள்ளும் முன்னும் கலக்குங்கள், பூவாளியையும் ஆட்டிக்கொண்டே ஊற்றுங்கள். புழுக்கள் அடியில் தங்கிவிடும். கலக்காவிட்டால் முதல் பாத்திக்கு வெறும் தண்ணீர், கடைசிப் பாத்திக்கு மொத்தப் படை. பூவாளியின் மூடி பெரிய துளையுள்ளதாக இருக்கட்டும், நுண்துளை அடைத்துக்கொள்ளும். ஊற்றும் முன்பே மண்ணை நனைத்து வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் புழு செத்துப்போகும், எனவே மாலை நேரமோ மழைத் தூறலோதான் நல்ல பொழுது. அடுத்த இரண்டு வாரம் மண் காயவே கூடாது. மே மாதத்தில் மழை ஏமாற்றிவிட்டால் குழாயைத் திறக்கத்தான் வேண்டும்.

வேலை செய்யும் காலம் சுமார் 6 வாரம். பிறகு மறுபடி வாங்க வேண்டும் என்பதால் மார்ச் முதல் செப்டம்பர் வரை செலவு கூடிக்கொண்டே போகும். ஆகவே புல்தரை, வேலியோரம் என்று எங்கும் ஊற்றாமல், நாற்றுப் பாத்திக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும் ஒதுக்குவதே என் பரிந்துரை. இந்த நாட்டில் 40-க்கும் மேற்பட்ட ஸ்லக் இனங்கள் உண்டு. தோட்டச் செடியைத் தின்பவை அவற்றுள் சிலதான், மற்றவை மட்கிய இலையைத் தின்று மண்ணுக்கு உதவுபவை. அவற்றை விட்டுவைக்கலாம். குளம் இருந்தால் கரையோரம் ஊற்றவே கூடாது. நீர்நத்தைகளும் அதே குடும்பக்காரர்கள்.

ஓடுள்ள நத்தைக்கு இதை வாங்காதீர்கள். அது செடியிலும் சுவரிலும் வாழ்வது, மண்ணிலுள்ள புழுவிடம் அதிகம் சிக்காது. வளர்ந்த பெரிய ஸ்லக்குகளும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இவற்றுக்கு இருட்டியபின் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதை மிஞ்சிய வழியில்லை. கவிழ்த்த தர்ப்பூசணித் தோலைப் பாத்தியில் வைத்தால் விடிகாலையில் அடியில் கூடியிருக்கும்.

இரும்புச் சேர்மமான பெரிக் பாஸ்பேட் குருணையும் கடையில் கிடைக்கும், நத்தையையும் கொல்லும். மெட்டல்டிஹைடோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் சதுர மீட்டருக்கு 5 கிராம் என்றால் அவ்வளவே, அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்க வேண்டும். குவியலாகப் போட்டாலோ டப்பாவை நாய் கடித்துத் திறந்தாலோ இரும்பு நஞ்சாகிவிடும். செம்பு நாடா, முட்டை ஓடு, கம்பளிக் குருணை இவற்றில் பணம் போடும் முன் யோசியுங்கள்: அரச தோட்டக்கலைக் கழகம் 2018-இல் லெட்டூஸ் செடிகளில் வைத்துப் பார்த்த சோதனையில், தடுப்பு வைத்த செடிக்கும் வைக்காத செடிக்கும் சேதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு பொட்டலம் எடுத்துப்போகும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். குளிர்நாட்டுப் புழு அந்தச் சூட்டைத் தாங்காது, உயிரினங்களை அனுமதியின்றிக் கொண்டுபோவதும் குற்றம்.

இதன் விலைக்கு முழு மதிப்பும் கிடைப்பது உருளைக்கிழங்கில். கிழங்கைத் துளைக்கும் சின்னக் கறுப்பு ஸ்லக் மண்ணை விட்டு மேலே வருவதே அரிது, டார்ச்சுக்கும் குருணைக்கும் அகப்படாது. தோண்டுவதற்கு 6 அல்லது 7 வாரம் முன்பு, கிழங்கு பருக்கத் தொடங்கும் நேரத்தில், இலைமேல் படாமல் சால் நெடுக வேரடியில் ஊற்றுங்கள். கிழங்கு முற்றியதும் தோண்டி எடுத்துவிடுங்கள். செப்டம்பர் ஈரத்தில் மண்ணில் விட்டுவைத்தால் மருந்தின் காலம் முடிந்து துளை விழ ஆரம்பித்துவிடும்.